ஜோன் ஸ்ருவேட் பெல் (1928 – 1990)



வினாத்தாளில் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி கேட்டால் உங்களில் பலர் நாவலரையோ விபுலானந்த அடிகளையோ மகாத்மா காந்தியையோ எழுதுவீர்கள். அவர்களை எழுத வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விடைத்தாள் திருத்துபவரை நினைத்துப் பாருங்கள். ஒரே கட்டில் நாற்பது நாவலரை வாசித்து அவர் களைத்துப் போயிருப்பார். ஆகவே இம்முறை அதிகம் பேர் எழுதாத ஒருவரின் வரலாற்றைத் தருகிறேன். இவர் ஒரு பௌதிகவியலாளர்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. அரியாலையில் மாலை வகுப்பில் தமிழ் படிப்பிக்கிறேன். இந்த வரலாற்றில் வரும் விஞ்ஞானப் பகுதியை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாலைகள் தேவைப்பட்டன. எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும். அதற்கு உங்கள் கணித பாடத்தில் வரும் தொடைகளும், சைன் 30 பாகையின் பெறுமானமும் தெரிந்திருந்தால் போதும்.

ஜோன் ஸ்ருவேட் பெல் 1928 ஆம் ஆண்டு யூலை மாதம் 28 ஆம் திகதி வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர். வீட்டில் அவரை ஸ்ருவேட் என்றே அழைத்தார்கள். வசதியில்லாத குடும்பம். அக்காலத்தில் அந்த நகரத்து ஏழைப் பிள்ளைகள் பதினான்கு வயதானதும் பாடசாலையை விட்டு வேலைக்குப் போவது வழக்கம். பெல்லின் அக்காவும் தம்பிமாரும் அப்படியே போனார்கள். தாயார் ஆனிக்குத் தன் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. நூலகமே கதியென்று கிடந்த இந்தப் பிள்ளைக்கு வீட்டார் பேராசிரியர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம்.

பதினொரு வயதில் எழுதிய பரீட்சையில் பெல் நன்றாகச் சித்தியடைந்தார். நமது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர்பெற்ற பாடசாலைகளில் படிக்க உதவிப்பணம் கிடைக்கவில்லை. கட்டணம் குறைந்த பெல்பாஸ்ட் தொழினுட்ப உயர் பாடசாலையில்தான் சேர முடிந்தது. அங்கே கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுடன் தச்சு வேலையும் கொத்து வேலையும் கணக்குப்பதிவும் படிப்பித்தார்கள். 1944 இல், பதினாறு வயதில், அங்கே படித்து முடித்தார். பல்கலைக்கழகத்தில் சேர அந்த வயது போதாது. கையில் பணமும் இல்லை. சில வேலைகளுக்கு விண்ணப்பித்தார், அவை கிடைக்கவில்லை. இறுதியில் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பகுதியில் ஆய்வுகூட உதவியாளர் வேலை ஒன்று கிடைத்தது. கம்பிகளை இணைப்பது, உபகரணங்களை எடுத்து வைப்பது போன்ற வேலைகள்.

இந்த இடத்தைச் சற்று நின்று வாசியுங்கள். அந்தப் பகுதியின் பேராசிரியர்களான எமேலியஸ், சுலோன் ஆகிய இருவரும் தங்கள் உதவியாளன் வித்தியாசமான பையன் என்பதைக் கண்டுகொண்டார்கள். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு மாணவரின் விரிவுரைகளில் வந்து இருக்கவும் விட்டார்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்தபடியே பெல் முதலாம் ஆண்டுப் பாடத்தைப் படித்துவிட்டார். 1945 இல் மாணவராகச் சேர்ந்து, 1948 இல் பரிசோதனைப் பௌதிகவியலிலும் 1949 இல் கணிதப் பௌதிகவியலிலும் முதல் வகுப்பில் சித்தியடைந்தார்.

மாணவனாக இருந்தபோதே அவருக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. குவாண்டம் கொள்கை, அதாவது சக்திச்சொட்டுக் கொள்கை, அணுக்களைப் பற்றிச் சரியான விடைகளைத் தருகிறது. ஆனால் அளவிடுவதற்கு முன் ஒரு துணிக்கை என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டால் அந்தக் கொள்கை தெளிவாக எதுவும் சொல்வதில்லை. இதைப் பற்றிப் பெல் தன் ஆசிரியர் சுலோனுடன் கடுமையாக வாதாடினார். சந்தேகம் தீரவில்லை.

படிப்பு முடிந்ததும் குடும்பத்துக்கு உழைக்க வேண்டியிருந்தது. 1949 இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். துணிக்கைகளை மிக வேகமாக ஓடச்செய்யும் ஆர்முடுக்கி இயந்திரங்களை வடிவமைப்பது அவருடைய வேலை. அதே துறையில் வேலை செய்த மேரி றொஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்ணை 1954 இல் மணந்தார். 1956 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1960 இல் கணவன் மனைவி இருவரும் நிரந்தர வேலைகளை விட்டு, சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள். இறக்கும்வரை பெல் அங்கேதான் வேலை செய்தார். சம்பளம் வாங்கியது துணிக்கைப் பௌதிகவியலுக்கும் ஆர்முடுக்கிக்கும். இன்று உலகம் அவரை நினைவுகூரும் வேலையோ ஓய்வு நேரத்தில் செய்தது.

அந்த வேலை என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

ஒரு சோடிச் செருப்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பெட்டிகளில் ஒவ்வொன்றாக இட்டு மூடுங்கள். ஒரு பெட்டியை அரியாலையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொழும்பு பஸ்ஸில் அனுப்புங்கள். பிறகு இங்கே உள்ள பெட்டியைத் திறக்கிறீர்கள். இடது காற் செருப்பு இருக்கிறது. அந்தக் கணமே கொழும்பில் இருப்பது வலது காற் செருப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கண்டி வீதியால் பஸ் புறப்படும்போதே அது வலது காற் செருப்புத்தான். உங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

குவாண்டம் கொள்கையிலும் இப்படிச் சோடியாகப் பிறக்கும் துணிக்கைகள் உண்டு. எவ்வளவு தூரம் பிரிந்து போனாலும் ஒன்றை அளந்தால் மற்றதன் விடை தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கொள்கையின்படி, திறந்து பார்க்கும்வரை எந்தப் பெட்டியிலும் இடதும் இல்லை, வலதும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஒரே நிலைதான் உண்டு. 1935 இல் ஐன்ஸ்ரைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதி, அப்படியானால் அந்தக் கொள்கை முழுமையற்றது என்று வாதிட்டார்கள். செருப்பு புறப்படும்போதே இடதாகவோ வலதாகவோ இருந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்தின் சாரம். நீல்ஸ் போர் இதை மறுத்தார். அதே ஆண்டில் ஷ்ரோடிங்கர் இந்தச் சோடி நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். அதை நாம் தமிழில் பின்னல் என்று சொல்லலாம்.

இரண்டு பெரியவர்களும் இறந்தும் போனார்கள், வாதம் தீரவில்லை. இரண்டு கருத்துக்கும் ஒரே பரிசோதனை முடிவுதானே வரும், ஆகவே இது தத்துவம் பேசுபவர்களின் வேலை என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் ஒதுக்கிவிட்டார்கள். போதாததற்கு, வொன் நொய்மான் என்ற பெரிய கணிதவியலாளர் 1932 இலேயே, துணிக்கைகளுக்குள் மறைந்திருக்கும் விடைகள் இருக்கவே முடியாது என்று நிறுவிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அந்த நிறுவலில் ஒரு பிழை இருந்தது. கிரேட்டே ஹேர்மன் என்ற ஜேர்மன் பெண் அறிஞர் அதை 1935 இலேயே சுட்டிக்காட்டினார். யாரும் கவனிக்கவில்லை. 1952 இல் டேவிட் போம் அத்தகைய மறைந்த விடைகளைக் கொண்ட ஒரு கொள்கையை எழுதிக் காட்டியபோதுதான், முடியாது என்று நிறுவப்பட்டது எப்படி முடிந்தது என்று பெல் யோசிக்கத் தொடங்கினார். அவரும் அந்தப் பிழையைத் தனியே கண்டுபிடித்தார்.

1963 இன் இறுதியில் ஓராண்டு விடுமுறை பெற்றுப் பெல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே 1964 இல் எழுதியதுதான் ஆறு பக்கங்கள் கொண்ட அந்தக் கட்டுரை. அதன் உள்ளடக்கத்தைப் பின்னர் வந்தவர்கள் எளிமையாக்கிய வடிவத்தில் சொல்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்பில் சைக்கிளில் வருபவர்களின் தொடை A. கண்ணாடி அணிபவர்களின் தொடை B. சங்கீதம் படிப்பவர்களின் தொடை C. இப்பொழுது, சைக்கிளில் வந்தும் சங்கீதம் படிக்காதவர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நிற்பவர்களில் ஒவ்வொருவரும் ஒன்றில் கண்ணாடி அணிந்திருப்பார், அல்லது அணிந்திருக்கமாட்டார். அணியாதவர், சைக்கிள் உண்டு கண்ணாடி இல்லை என்ற கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். அணிந்தவர், கண்ணாடி உண்டு சங்கீதம் இல்லை என்ற கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். ஆகவே முதலில் எழுந்து நின்றவர்களின் தொகை, பின்னைய இரண்டு கூட்டங்களின் கூட்டுத்தொகையை விட ஒருபோதும் கூடாது. வென் வரிப்படம் கீறினால் உடனே தெரியும். எந்த வகுப்பிலும், எந்த ஊரிலும் இது பிழைக்காது. இதுதான் பெல்லின் சமனிலி. இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

இனி ஒளிக்கு வருவோம். வெயிலுக்கு அணியும் சில கறுப்புக் கண்ணாடிகளில் ஒளியை முனைவாக்கும் தகடு உண்டு. ஒளித்துணிக்கை ஒன்று, அதாவது ஒரு போட்டன், அத்தகைய தகட்டில் பட்டால் ஒன்றில் கடந்து போகும், அல்லது தடைப்படும். பாதி கடப்பது என்று ஒன்றில்லை. சில அணுக்களிலிருந்து போட்டன்கள் சோடியாக வெளிவருகின்றன. ஒன்று இடப்பக்கம் போகிறது, மற்றது வலப்பக்கம் போகிறது. இரண்டு பக்கத்திலும் தகட்டை ஒரே கோணத்தில் பிடித்தால் இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் தடைப்படும். ஒன்று கடந்து மற்றது தடைப்படுவதில்லை.

செருப்புக் கதை சரியானால், ஒவ்வொரு போட்டனும் எல்லாக் கோணங்களுக்கும் உரிய விடைகளைப் பிறக்கும்போதே சுமந்து வருகிறது. 0 பாகையில் கடப்பவை A, 30 பாகையில் கடப்பவை B, 60 பாகையில் கடப்பவை C. ஒரே போட்டனிடம் இரண்டு கேள்வி கேட்க முடியாது. தகட்டில் பட்டதும் அதன் நிலை மாறிவிடும். ஆனால் ஒரு கேள்வியை இடப்பக்கத்தவனிடமும் மற்றதை அவனுடைய இரட்டையனிடமும் கேட்கலாம் அல்லவா? இருவரும் ஒரே விடைத்தாளை வைத்திருப்பவர்கள்தானே. இங்கே தகட்டை எப்படித் திருப்புகிறோம் என்பது அங்கே உள்ளவனைப் பாதிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தகடுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைனை வர்க்கித்து, இரண்டால் வகுத்தால் வருவது, ஒன்று கடந்து மற்றது தடைப்படுவதற்கான நிகழ்தகவு. இதைத் தருவது குவாண்டம் கொள்கை. 30 பாகைக்குச் சைன் அரை, வர்க்கம் கால், அதன் பாதி 1/8. அதாவது 800 சோடிகளை அனுப்பினால் 100. 60 பாகைக்கு வர்க்கம் 3/4. அதன் பாதி 3/8. 800 சோடிகளுக்கு 300. இப்பொழுது வகுப்பறைக் கணக்கைப் போடுங்கள். A உண்டு B இல்லை 100. B உண்டு C இல்லை 100. A உண்டு C இல்லை 300. முந்நூறு பேர் இருநூறு பேருக்குள் அடங்க வேண்டும். அடங்கமாட்டார்கள். 20 பாகை, 40 பாகை என்று எடுத்து அட்டவணையைப் பார்த்து நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள், அங்கும் அடங்காது.

இரண்டும் ஒரே முடிவைத்தான் தரும் என்று முப்பது ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்த இரண்டு கருத்துகள், இந்தக் கோணங்களில் வெவ்வேறு எண்களைத் தருகின்றன. எண் வேறானால் எண்ணிப் பார்த்துத் தீர்க்கலாம். பெல் செய்தது இதுதான். அவருடைய மனம் ஐன்ஸ்ரைன் பக்கமே சாய்ந்திருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தான் விரும்பிய கட்சி தோற்கக்கூடிய ஒரு பரீட்சையை அவரே அமைத்துக் கொடுத்தார்.

கட்டுரையை எங்கே வெளியிடுவது? அமெரிக்காவின் பெரிய சஞ்சிகைகள் எழுதுபவரிடமே பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்டன. விருந்தாளியாக வந்த இடத்தில் அந்தச் செலவைக் கொடுக்கும்படி கேட்கப் பெல்லுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் புதிதாகத் தொடங்கிய, பணம் கேட்காத ஒரு சிறு சஞ்சிகைக்குக் கொடுத்தார். அந்தச் சஞ்சிகை சில ஆண்டுகளில் நின்றுபோனது. வொன் நொய்மானின் பிழையைச் சொன்ன மற்றக் கட்டுரையோ இன்னொரு சஞ்சிகை அலுவலகத்தில் இடம் மாறி வைக்கப்பட்டு, பிந்தி 1966 இல்தான் வெளிவந்தது. ஐந்தாண்டு காலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஜோன் கிளவுசர் என்ற அமெரிக்க இளைஞர் நூலகத்தில் அந்தச் சஞ்சிகையைக் கண்டெடுத்தார். 1969 இல் அவரும் மூன்று நண்பர்களும் சமனிலியை ஆய்வுகூடத்தில் சோதிக்கக்கூடிய வடிவில் எழுதினார்கள். 1972 இல் கிளவுசரும் ஸ்ருவேட் பிரீட்மன் என்ற மாணவரும் பேர்க்லியில், கல்சியம் அணுக்களிலிருந்து வரும் போட்டன் சோடிகளை எண்ணினார்கள். சமனிலி மீறப்பட்டது. ஹார்வார்டில் நடந்த இன்னொரு பரிசோதனையில் எதிர் விடை வந்தது. பிழை எங்கே என்று தெரியாமல் குழப்பம். 1976 இல் கிளவுசர் அதைத் திரும்பச் செய்தார். மறுபடியும் சமனிலி மீறப்பட்டது.

1975 இல் அலன் அஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் ஜெனீவாவுக்கு வந்து, தானும் இந்தப் பரிசோதனையைச் செய்ய விரும்புவதாகப் பெல்லிடம் சொன்னார். பெல் முதலில் கேட்டது, உனக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதுதான். இந்த விடயத்தில் இறங்கியவர்களுக்கு வேலை கிடைப்பது கடினம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அஸ்பேக்கு வேலை இருந்தது. 1982 இல் அவருடைய குழு பாரிசுக்கு அருகே செய்த பரிசோதனையில், போட்டன்கள் வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே அளக்கும் கோணத்தை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 12 மீற்றர் இடைவெளி. அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 40 நானோசெக்கன் தேவை. கோணம் மாறியதோ ஏறத்தாழ 10 நானோசெக்கனுக்கு ஒரு முறை. ஒருவன் கேட்ட கேள்வி மற்றவனுக்குப் போய்ச் சேர நேரமே இல்லை. அப்படியிருந்தும் சமனிலி மீறப்பட்டது. ஐன்ஸ்ரைனின் செருப்புக் கதை தோற்றது. ஆனால் இதைக்கொண்டு ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று எழுதிவிடாதீர்கள். அது முடியாது. பலர் விடும் பிழை அது.

இனி ஒரு நுணுக்கம். 30, 60 பாகைகளுக்குப் பதிலாக 0, 45, 90 என்று கோணங்களை எடுத்துக் கணக்கைப் போடுங்கள். 800 சோடிகளுக்கு 200 உம் 200 உம்; மறுபக்கம் 400. சரிசமன்; சமனிலி மீறப்படவில்லை. போட்டன்கள் அதே பின்னற் சோடிகள்தான், ஆனால் பரீட்சையில் அகப்படவில்லை. கோணத்தில் இருக்கிறது விடயம். பெல்லுக்கு முன், 1949 இலேயே, வூ சியென்-ஷியுங் என்ற சீன அம்மையாரும் ஷக்னொவ் என்பவரும் நியூயோர்க்கில் இத்தகைய சோடிகளை அளந்தார்கள். ஆனால் ஒரே திசை, செங்குத்துத் திசை என்ற இரண்டை மட்டுமே ஒப்பிட்டார்கள். அந்த அளவீடுகளைக்கொண்டு வாதத்தைத் தீர்க்க முடியவில்லை. எந்தக் கோணத்தில் கேட்க வேண்டும் என்பதைப் பெல்தான் பின்னர் சொல்லிக் கொடுத்தார்.

சரியான கோணத்தைத் தேர்ந்தாலும் எல்லாப் பின்னலும் அகப்படாது. காய்ச்சல் இருந்தால் நோய் உண்டு. காய்ச்சல் இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லலாமா? பின்னற் சோடிகள் வழியில் பழுதுபட்டுக் கலங்கும்போது, பின்னல் இருந்தும் சமனிலியை மீறாத நிலைகள் உண்டு என்று 1989 இல் வேர்ணர் என்ற ஜேர்மன் அறிஞர் காட்டினார். 1996 இல் அஷர் பெரஸ் வேறொரு பரீட்சையைத் தந்தார். ஒரு சோடியின் நிலையைக் கணக்கில் எழுதி, ஒருவனுடைய பகுதியை மட்டும் கண்ணாடியில் தெரியும் விம்பம் போலப் புரட்ட வேண்டும். பின்னல் இல்லையென்றால் புரட்டிய பின்னும் ஒழுங்கான நிலையே வரும். நிகழ்தகவு மறை எண்ணாக வந்தால் நிச்சயம் பின்னல் உண்டு. மிகச் சிறிய சோடிகளுக்கு இந்தப் பரீட்சை முழுமையானது என்று அதே ஆண்டில் போலந்தின் ஹொரொடெக்கி குடும்பத்து விஞ்ஞானிகள் நிறுவினார்கள். ஒளிக்கற்றைகளைப் போன்ற, தொடர்ச்சியாக மாறும் கணியங்களை உடைய சோடிகளுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? 2000 ஆம் ஆண்டில் அதற்கான வழியைக் காட்டியவர்களுள் ஒருவர், நமக்கு அண்மையில், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன். ஒருவனுடைய உந்தத்தின் குறியை மட்டும் மாற்றுவதே அங்கே கண்ணாடி என்று அவர் கண்டார்.

பெல்லிடம் திரும்புவோம். செந்நிறத் தலைமுடியும் தாடியும் உடையவர். பதினாறு வயதிலிருந்து மரக்கறிச் சாப்பாடுதான். சேர்னில் அவருடன் வேலை செய்த பேர்ட்ல்மன் என்ற இளைஞர் இரண்டு காலுக்கும் வெவ்வேறு நிறக் காலுறை அணிந்து வருபவர். ஒரு காலைப் பார்த்தாலே மற்றக் காலின் நிறம் அதுவல்ல என்று சொல்லலாம் என்பதை வைத்து, நான் மேலே சொன்ன செருப்பைப் போல, 1981 இல் பெல் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். பேர்ட்ல்மன் அதைக் கண்டு திகைத்துப் போனாராம். 1972 இல் இலண்டன் றோயல் சங்கம் பெல்லைத் தன் உறுப்பினராக்கியது. 1988 இல், உபகரணம் எடுத்து வைத்த அதே குயின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் பெல் ஜெனீவாவில் திடீரென இறந்தார். அப்போது அவருக்கு வயது 62. அடுத்த ஆண்டே ஆட்டர் எக்கர்ட் என்பவர், ஒற்றுக்கேட்க முடியாத இரகசியச் செய்திகளை அனுப்பப் பெல்லின் சமனிலியைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 2015 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில், 1.3 கிலோமீற்றர் இடைவெளியில், பழைய பரிசோதனைகளில் இருந்த ஓட்டைகளை அடைத்து மறுபடி சோதித்தார்கள், விடை மாறவில்லை. 2022 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அஸ்பே, கிளவுசர், அன்ரன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசைக் கொடுப்பதில்லை.

பெல்பாஸ்ட் நகரசபை வீதிகளுக்கு ஆட்களின் பெயரை வைப்பதைப் பொதுவாகத் தவிர்த்து வந்தது. ஆகவே 2015 இல், டைற்றானிக் கப்பல் கட்டப்பட்ட பகுதியில் ஒரு புதிய வீதிக்கு அவருடைய பெயரை நேரடியாக வைக்காமல், பெல்லின் தேற்றம் வீதி என்று பெயரிட்டார்கள்.